நோர்மனின் மாட்டுப்பாட்டு றேடியோ

போன கிழமை ஒரு பெண்பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். குரலில் அவ்வளவு தேன். மெல்பேர்னின் தென்கிழக்கு மூலையில் கன்ட்ரி மியூசிக், அதாவது அமெரிக்க மாட்டுக்காரரின் பாட்டு, மட்டும் போடுகிற ஒரு சின்ன வானொலி நிலையம் இருக்கிறது. அதன் வரலாற்றை எழுதுகிறார்களாம். எழுபதுகளின் கடைசியில் அங்கே வேலை செய்தவர்களில் இன்னும் மூச்சு விடுகிறவர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள், நானும் அகப்பட்டேன். "உங்கள் இனிய நினைவுகளை இருநூறு சொற்களில் எழுதித் தருவீர்களா?" என்று கேட்டாள். கூடவே ஒரு படமும் அனுப்பிவைத்தாள். படத்தில் நான் கௌபாய் தொப்பியோடு நிற்கிறேன். தொப்பி காது வரை இறங்கியிருக்கிறது. கீழே 'எங்கள் இந்திய நண்பர்' என்று எழுதியிருக்கிறது.

நான் யாழ்ப்பாணத்தான். அந்த நாளில் இந்தியாவை நான் வரைபடத்தில்தான் பார்த்திருந்தேன். அது கிடக்கட்டும். இனிய நினைவு என்றால் நான் எங்கே போவேன்? அவளுக்கு இருநூறு சொல் எழுத மனம் வரவில்லை. உங்களுக்கென்றால் கொஞ்சம் கூடவே சொல்லலாம், நீங்கள் வரலாறு எழுதப்போவதில்லை.

அந்த நிலையத்தை நினைத்தால் முதலில் மூக்கில் ஏறுவது கோழித்தீவன நெடி. கீழே கோழிக்கும் குதிரைக்கும் தீவனம் விற்கிற கடை. பக்கத்து மரப்படியில் ஏறினால் நிலையம். வெளிச்சத்தம் வராமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி வைத்திருந்தார்கள். தீவனத் தூசி படியேறி வந்து அந்த அட்டைக் குழிகளிலெல்லாம் குடியிருந்தது. இசைத்தட்டுகளிலும் அதுதான். ஊசியை வைத்தால் பாட்டுக்கு முன்னால் தவிடு சரசரக்கும். அதை அவர்கள் கிராமியச் சூழல் என்று பெருமையாகச் சொன்னார்கள். எனக்கு வந்தது தும்மல்.

நான் அப்போது ஒரு தொழிற்சாலையில் தொலைக்காட்சிப் பெட்டிகளின் கம்பிகளுக்கு ஈயம் உருக்கி ஒட்டுகிற வேலையில் இருந்தேன். நோபல் பார்க்கில் சிவலிங்கம் என்ற சிநேகிதனோடு ஒரு பலகை வீட்டில் குடியிருப்பு. நிலையத்தின் ஒலிபரப்புக் கருவி அடிக்கடி படுத்துவிடும். ஈயம் ஒட்டத் தெரிந்த ஒருவன் வேண்டுமென்று தேடி என்னைப் பிடித்தார்கள். சம்பளம் கிடையாது, மத்தியானம் மாட்டிறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' என்கிற பணியாரம் ஒன்று மட்டும் தருவார்கள். அதை நான் தின்பதில்லை. ஆக, முழுக்க முழுக்கத் தர்மத்துக்குத்தான் உழைத்தேன். பிறகு மெல்ல மெல்ல இசைத்தட்டுப் போடுகிற வேலையும் என் தலையில் விழுந்தது.

நிலையத்தின் தலைவன் நோர்மன். வாரநாட்களில் அவன் தரைக்கம்பளம் விற்பவன். ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்தால் பெயர் 'பக்' ஆகிவிடும், குரலும் மூக்குக்குள் போய்விடும். பிறந்து வளர்ந்தது ட்ராம் ஓடுகிற தெருவில். அமெரிக்காவைக் கண்ணால் கண்டதில்லை. குதிரையைக் கண்டிருக்கிறான், பந்தயத் திடலில். ஆனாலும் வாய் திறந்தால் டெக்சாஸ் புழுதி பறக்கும். காலில் சப்பாத்து முழங்கால் வரை. அந்தச் சப்பாத்தோடு அவனுக்கு மரப்படி இறங்க வராது, பக்கவாட்டில் நண்டு மாதிரித்தான் இறங்குவான்.

ஒருநாள் நான் காலநிலை அறிக்கை வாசிக்கட்டுமா என்று கேட்டேன். எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான்.

"உன் உச்சரிப்பு இங்கே ஒத்து வராது. எங்கள் நேயர்களுக்கு நிஜமான குரல் வேண்டும்" என்றான், மூக்கால்.

எனக்குச் சிரிப்பு வந்ததா ஆத்திரம் வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. ஊரில் பள்ளிக்கூட மேடைகளில் என் குரலுக்காகவே கூப்பிட்டு அறிவிப்புச் செய்யச் சொல்வார்கள். அந்தக் கர்வம் எனக்கு நிறைய உண்டு. வயதாகியும் குறையவில்லை, குறைக்கிற யோசனையும் இல்லை.

அப்போது நிலையம் சோதனை ஒலிபரப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நிரந்தர லைசென்ஸ் கிடைக்க வேண்டுமென்றால், அந்தப் பகுதியில் குடியேறிய எல்லாச் சனங்களுக்கும் ஏதாவது செய்கிறோம் என்று காட்ட வேண்டும். நோர்மனுக்குத் தெரிந்த சனம் எல்லாம் அவனைப் போலவே தொப்பி போட்ட சனம். சுற்றிப் பார்த்தான். மூலையில் நான் ஈயம் ஒட்டிக்கொண்டிருந்தேன். உடனே நான் ஒரு சமூகமாகிவிட்டேன். என் தோளில் கை போட்டு, ஞாயிறு இரண்டரைக்கு அரை மணி நேரம் என் மொழியில் பேசலாம் என்றான். அந்தப் பெண்பிள்ளை அனுப்பிய படம் அன்றைக்கு எடுத்ததுதான், தொப்பி அவனுடையது. ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. பேசுவது எந்த மொழியிலும் பேசலாம், பாட்டு கன்ட்ரி பாட்டாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தப் பாட்டுகளைப் பற்றி உங்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்றைக் கேட்டால் போதும், மற்றதெல்லாம் கேட்ட மாதிரித்தான். ஒருவனிடம் லொறி இருக்கும். பெண்சாதி போய்விட்டிருப்பாள். நாய் இருக்கும், அல்லது செத்திருக்கும். மழை பெய்யும். அவன் குடிப்பான். மூன்று நிமிடம் இதைச் சொல்லி அழுதுவிட்டு, அடுத்த பாட்டில் இன்னொருத்தன் அதே லொறியில் வருவான். இந்த அழுகைகளுக்கு நடுவில் நான் செந்தமிழில் வணக்கம் சொல்ல வேண்டும். மெல்பேர்னில் அப்போது இருந்த தமிழ்க் குடும்பங்களைச் சிரமமில்லாமல் பெயர் சொல்லி எண்ணிவிடலாம். எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவராக இருந்த டொக்டர் என்னை ஒரு பிறந்தநாள் விழாவில் பிடித்தார்.

"மாட்டுக்காரன்ரை பாட்டுக்கு நடுவிலை தமிழ் கதைக்கிறீராம். வெக்கமா இல்லையே?"

"தமிழுக்கு வேறை இடம் நீங்கள் எடுத்துத் தாங்கோவன்" என்றேன். அவர் கட்லட் எடுக்கப் போய்விட்டார்.

இந்தச் சமயத்தில்தான் சிவலிங்கத்தின் தாய் ஊரிலிருந்து வந்தாள். ஆறு மாத விசாவில், மகனைப் பார்க்க. நான் மாமி என்று கூப்பிடுவேன். இந்த நாட்டில் அவளுக்குப் பிடித்த ஒரு பொருளும் இல்லை. பாண் துண்டைக் கிள்ளிப் பார்த்து, "இது என்ன, பஞ்சே?" என்பாள். குளிரைத் திட்டுவாள். முற்றத்துப் புல்லை வெட்டுகிற பக்கத்து வீட்டுக்காரனை யன்னலால் பார்த்து, "மாடு ஒண்டு வாங்கிவிட்டா இந்தக் கரைச்சல் இருக்காதெல்லே" என்பாள். நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டால் பேச ஒரு சீவன் கிடையாது. ஆகவே ஞாயிறு இரண்டரைக்கு குசினியில் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் றேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

வெறும் வணக்கம் சொல்லி அலுத்துப்போய், நான் பாட்டுக்கு முன்னால் அதன் கதையைத் தமிழில் சொல்லத் தொடங்கியிருந்தேன். நக்கலுக்குத்தான் தொடங்கினேன். 'அடுத்த பாட்டில் இவருடைய மனைவி அயலவரோடு புறப்பட்டுவிட்டார், நேயர்களே. நாய் மட்டும் நன்றியோடு இருக்கிறது' என்று மிகவும் பவ்வியமாகச் சொல்வேன். நோர்மன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையாட்டிக்கொண்டு நிற்பான்.

ஒரு ஞாயிறு நான் வீட்டுக்கு வந்ததும் மாமி கேட்டாள்: "தம்பி, போன கிழமை ஓடின பெண்சாதியை இவன் தேடிப் போகேல்லையே? குடிச்சுக்கொண்டெல்லே கிடக்கிறான்."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாமி அத்தனை பாட்டையும் ஒரே மனிதனின் கதையாக எடுத்திருந்தாள். பாடுகிற குரல் மாறுவதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. வானொலி நாடகத்தில் குரல் மாறுவதில்லையா? அவனுக்கு லொறிக்காரன் என்று பெயரும் வைத்துவிட்டாள்.

"சோம்பேறி. அவள் போகாமல் என்ன செய்வாள்?" என்றாள். "ஆனா நாயைப் பட்டினி போடேல்லை. அது ஒண்டுதான் அவனிட்டை நல்ல குணம்."

அதற்குப் பிறகு நான் பாட்டுகளை வரிசைப்படுத்தத் தொடங்கினேன். சனிக்கிழமைகளில் தவிட்டுத் தூசிக்குள் குந்தியிருந்து இசைத்தட்டுகளைக் கேட்டு, லொறிக்காரனை ஒரு கிழமை சிறைக்கு அனுப்பினேன். ஒரு கிழமை தாயின் செத்தவீட்டுக்குப் பிந்திப் போகவைத்தேன். மாமி அன்றைக்குச் சாப்பிடவில்லை. "தாயின்ரை முகத்தைக் கடைசியா ஒருக்கா பாக்கேல்லையே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சிவலிங்கம் என்னை முறைத்தான். அவள் ஊருக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

கதை மெல்லப் பரவியது. சங்கத் தலைவரின் மனைவி எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, லொறிக்காரன் குடியை விட்டுவிட்டானா என்று மாமியிடம் விசாரித்தாள். பின்னால் டொக்டரின் குரலும் கேட்டது, "நாய்க்கு என்ன நடந்ததெண்டு கேளும்" என்று. அந்த அவலட்சணமான பாட்டுகளில் இவ்வளவு சீவன் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சீவன் பாட்டில் இருக்கவில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

முடிவை மாமி புறப்படுவதற்குள் கொண்டுவர வேண்டும் என்று தீர்மானித்தேன். பெண்சாதி மனம் மாறி, வாசல் விளக்கை அணைக்காமல் வைத்திருக்கிறாள் என்று செய்தி அனுப்பிவிட்டாள். லொறிக்காரன் புறப்பட்டுவிட்டான். வழியில் மழை, லொறி நின்றுவிட்டது. அந்த ஞாயிறு அங்கே நிறுத்தினேன். அவன் வீடு போய்ச் சேருகிற பாட்டை அடுத்த கிழமைக்கென்று தூசி துடைத்துத் தனியே எடுத்தும் வைத்தேன்.

அந்தக் கிழமை நடுவில் லைசென்ஸ் வந்தது. கீழே தீவனக் கடை வாசலில் பியர் போத்தல்கள் திறந்தார்கள். நோர்மன் பக்கவாட்டில் படியிறங்கி வந்து என் தோளில் அதே கையைப் போட்டான். ஞாயிறு இரண்டரைக்கு இனிமேல் குதிரை வண்டி, பழைய லொறி விற்பனை நிகழ்ச்சி என்றான். கீழே தீவனக் கடைக்காரன்தான் அதற்கு விளம்பரம் தருகிறான். கறிவேப்பிலையைக் கூடச் சாப்பிட்டு முடித்து இலை எடுக்கும்போதுதான் எறிவார்கள். இவன் பந்தி நடக்கும்போதே எறிந்தான்.

"இன்னும் ஒரே ஒரு ஞாயிறு தா. கதை முடியவில்லை" என்றேன்.

"என்ன கதை?" என்றான்.

அவனுக்குத் தெரியவே தெரியாது. அவனுடைய நிலையம், அவனுடைய பாட்டு, அவனே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று தலையாட்டியவன். நான் விளக்கிச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். மற்றவர்களையும் கூப்பிட்டு அவர்களுக்கும் சொல்லிச் சிரித்தான். பிறகு, "உன் ஆட்கள் கொஞ்சப் பேர்தானே, வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடு" என்றான். கெஞ்சினேன் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஆனால் கெஞ்சினேன். மூன்று நிமிடப் பாட்டுக்காக ஒரு கம்பள வியாபாரியிடம் கெஞ்சினேன். அவன் அடுத்த பியரை எடுக்கப் போய்விட்டான்.

மாமியிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அந்த ஞாயிறு நான் வீட்டிலேயே நின்றேன். இரண்டரைக்கு அவள் கதிரையில் உட்கார்ந்தாள். றேடியோவில் ஒருவன் லொறி விலை கத்தினான். மாமிக்கு ஆங்கிலம் தெரியாது. லொறி என்ற சொல் மட்டும் தெரியும். அரை மணி நேரமும் அசையாமல் கேட்டாள்.

"லொறியை விக்கிறான் போலை" என்றாள் என்னைப் பார்த்து. "அப்ப எப்பிடி வீட்டை போறது?"

"இல்லை மாமி, அவன் போய்ச் சேந்திட்டான். விளக்கு எரிஞ்சுகொண்டிருந்தது. பெண்சாதி கதவைத் திறந்தவள். நாயும் கூடத்தான்."

மாமி றேடியோவை மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

"நீ என்னைத் தேத்துறதுக்குச் சொல்லுறாய். றேடியோவிலை சொல்லட்டும், நம்புறன்."

அதற்குப் பிறகும் நான் வெட்கங்கெட்டு அந்த மரப்படி ஏறினேன். கருவியைத் திருத்திக் கொடுத்தால் ஒரு வசனம் சொல்ல விடுவான் என்று ஒரு நப்பாசை. விடவில்லை. மாமி ஒவ்வொரு ஞாயிறும் லொறி விற்கிறவனைக் கேட்டாள். விமான நிலையத்தில் சிவலிங்கம் அழுதான், அவள் அழவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போகுமுன் திரும்பி, "அவன் போய்ச் சேந்தா எழுதிப்போடு தம்பி" என்றாள். நான் எழுதவில்லை. எழுதினால் மட்டும் நம்பவா போகிறாள்? அன்றிரவே என்னிடமிருந்த நிலையக் கதவின் திறப்பைத் தீவனக் கடைக்காரனின் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தேன். மாமி பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. சண்டைக் காலத்தில் ஊரோடு ஊராக இடம்பெயர்ந்து, வேறு யாரோ வீட்டில் செத்துப்போனாள். சிவலிங்கமும் கண்ணை மூடிவிட்டான்.

தீவனக் கடை இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். நிலையம் வேறு இடம் போய்விட்டது, நோர்மனின் பெயரில் அங்கே ஒரு ஒலிப்பதிவு அறையே இருக்கிறதாம். முட்டை அட்டைகள் இல்லை, தூசியும் இல்லை. தமிழ் வானொலி இருபத்துநாலு மணி நேரமும் கைத்தொலைபேசிக்குள் வாய் ஓயாமல் பேசுகிறது. என் வீட்டில் அதைக் கேட்பாரில்லை, நானும் கேட்பதில்லை.

நேற்று அந்தப் பிள்ளைக்குப் பதில் எழுதினேன். இனிய நினைவு ஒன்றும் இல்லை, வேண்டுமென்றால் ஒரு ஞாயிறு இரண்டரைக்கு நேரடியாக ஒரேயொரு தமிழ் வசனம் சொல்கிறேன், மூன்று நிமிடப் பாட்டு ஒன்றும் போடவேண்டும் என்று கேட்டேன். உடனே பதில் வந்தது, அதே தேனோடு. ஞாயிற்றுக்கிழமைகளில் நிலையத்தில் ஆளே இருப்பதில்லையாம், கணினிதான் பாட்டுப் போடுகிறதாம். நான் வீட்டிலிருந்தே வசனத்தைப் பதிந்து அனுப்பினால், அவர்களுடைய இணையப் பக்கத்தில் தொப்பிப் படத்துக்குக் கீழே போட்டுவிடுவார்களாம்.

வீட்டிலிருந்து சொல்லலாம்தான். எத்தனை தரமும் சொல்லலாம். அன்றைக்கும் குசினிக்குள் நின்று சொன்னேனே, மாமி நம்பினாளா?