மேடையில் போட்ட மாலை

சர்ச்சில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த என் தம்பி அருள், இன்று யாங்கோனில் பெயர் பெற்ற கன்ட்ரி இசைப் பாடகன். போஸ்டரில் பர்மியப் பெயர். லத்தா பேட்டை டீக்கடைகளில்கூட அவன் பாட்டுத்தான். அவனைத் தூக்கிவிட்ட பாட்டு, தன்லியின் ஊருக்கு பஸ் ஓட்டிய எங்கள் அப்பாவைப் பற்றியது. வீட்டுக் கதையைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டானே என்று எனக்கு எரிச்சல்.

போன மாதம் அவனிடம் சொல்லாமல் அவன் கச்சேரிக்குப் போனேன். அந்தப் பாட்டு வந்ததும் பக்கத்தில் இருந்த பர்மிய அம்மாள் அழுதார்.

"எங்க வீட்டுக்காரரும் இருந்தவரைக்கும் டிரைவர்தான். அவரையே பாடுற மாதிரி இருக்கு."

பாடும்போதே மேடையேறி மாலை போடுவது இங்கே வழக்கம். அந்த அம்மாளுக்கு முழங்கால் வலி. கையிலிருந்த மல்லிகை மாலையை என்னிடம் நீட்டி, தனக்காகப் போடச் சொன்னார்.

அது எங்கப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. மாலையோடு ஏறினேன்.

கழுத்தை நீட்டிய தம்பி என்னைப் பார்த்ததும் ஒரு வரியைத் தவறவிட்டான்.

"அக்கா, நீயா?" என்றான், தமிழில்.

"இது நான் போடல. அந்த அம்மா போடுறாங்க. நீ பாடு."

இறங்கி வந்து உட்கார்ந்தேன். மிச்சப் பாட்டை அந்த அம்மாளுடைய வீட்டுக்காரரைப் பற்றியதாகவே கேட்டேன்.