பொம்மைக்குத் தைத்த கல்யாண ரவிக்கை

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தாள். உள்ளே முக்கால் அடி உயரத்தில் இரண்டு பொம்மைகள், ஆணொன்று பெண்ணொன்று. கூடவே அரக்கு நிறத்தில் கையகலப் பட்டுத் துணி.

“ஃப்ரெண்டுக்குக் கல்யாணம்மா. பொண்ணு மாப்பிள்ளை மாதிரியே தைச்சுக் குடு. இது அவ ரவிக்கைத் துணியில மீந்தது.”

பள்ளி அலுவலகத்திலிருந்து வந்ததும் பொழுது இருக்கும்போதே ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவேன். அவள் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து பொம்மைகளுக்குத் தைக்கிறேன். கட்டை விரல் அளவுக் கையை மிஷினில் ஓட்ட முடியாது, ஊசிதான். சரிகையை அகலம் குறைத்து வைத்தேன். வீட்டிலிருந்த துண்டுத் துணியில் சேலை கட்டி, கொசுவத்தை ஈரத்தோடு மடித்து ஹேர்பின் குத்திக் காயவைத்தேன். மாப்பிள்ளைச் சட்டையின் காலர் மட்டும் மூன்று முறை பிரித்தும் படியவில்லை.

“அந்தப் பொண்ணோட அம்மாகிட்டயும் காட்டுவியா?” என்று போனில் கேட்டேன்.

“அவங்களுக்குத்தாம்மா மொதல்ல காட்டணும்” என்றாள்.

யார் பெற்ற பெண்ணோ, நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் பொட்டலத்தைக் கட்டினேன். என் கணவர்தான் தருமபுரிக்குப் போய் கூரியரில் போட்டு வந்தார். அடுத்த வாரம் ஆபீஸ்காரர்களோடு தீர்த்தமலைக்கு என்று கிளம்பினார். மறுநாள் திரும்பி வந்து என் நெற்றியில் திருநீறு பூசினார். அது எந்தக் கோயில் திருநீறோ.

பத்து நாள் கழித்து மகள் ஒரு போட்டோ அனுப்பினாள். முதலில் பொம்மைகளைத்தான் பார்த்தேன். மேசையில் நின்றன. காலர் தூக்கிக்கொண்டுதான் இருந்தது. அதற்குப் பிறகுதான் பின்னால் நிற்கிறவர்களைப் பார்த்தேன். அரக்கு ரவிக்கையில் மாலையோடு என் மகள். பக்கத்தில் நான் பார்த்தேயிராத ஒரு பையன். அவனுக்குப் பக்கத்தில் என் கணவர்.

போன் செய்தபோது அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

“உங்கிட்ட சொன்னா நீ தாங்கமாட்டம்மா. ராவும் பகலும் பயந்துகிட்டே கெடப்ப. உன் மூஞ்சியப் பாத்தே ஊருக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் என்ன ஆகும்னு உனக்கே தெரியும்.”

“அதுக்குப் பொம்மை எதுக்குடி?”

“நீ தைச்சது ஏதாச்சும் அங்க இருக்கணும்னு தோணுச்சு.”

நான் போனை வைத்துவிட்டேன்.

நான் பயந்தவள்தான். அவள் பஸ் ஏறினால் இறங்கும்வரை நாலு முறை போன் செய்வேன். அந்தப் பயத்தைக் காரணம் காட்டியே இருவரும் என்னை விட்டுவிட்டுப் போவார்கள் என்று ஒருநாளும் பயந்ததில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், சோறு இறங்கியிருக்காது. ஆனாலும் போயிருப்பேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அப்போது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, எனக்கே உறுதியில்லை. கேட்டிருக்கலாம்.

கணவரோடு மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் அவரே வந்து மிஷின் பக்கத்தில் நின்றார்.

“ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வரட்டுமான்னு கேக்கறாங்க.”

நான் நிமிரவில்லை.

“ரவிக்கைய யார் தைச்சாங்க?”

“அங்கயே ஏதோ கடையில குடுத்தாளாம்.”

“சரியா இருந்துச்சா அவளுக்கு?”

“நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு பக்கம் தோள்தான் எறங்கி எறங்கி வந்துச்சு. இழுத்து இழுத்து விட்டுகிட்டே இருந்தா.”

இடது தோள். அவளுக்கு அது சற்றுத் தாழ்ந்திருக்கும். பள்ளிச் சீருடையிலிருந்து அந்தப் பக்கம் மட்டும் கால் அங்குலம் ஏற்றித்தான் தைப்பேன். அளவு நோட்டில்கூட எழுதி வைத்ததில்லை.

பொம்மைக்கு இரண்டு தோளும் சமம். அதற்குக் கச்சிதமாக இருந்தது.