வெளுக்காத முகங்கள்

கலர் அக்கா தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்கிறார். எத்தனை முறை சொன்னாலும் அந்தப் பழக்கம் போவதில்லை. "விஷமா என்ன, பசங்க பெயிண்ட்தானே" என்பார். மதியம் இரண்டு மணி. ஸ்டூடியோவுக்கு ஆள் வராத நேரம். சாப்பாட்டு டப்பாவின் மூடியில் கொஞ்சம் தண்ணீர், மடியில் கோடு போடாத ஒரு நோட்டு, நோட்டில் தபால்தலை அளவில் ஒரு கட்டம். காலையில் படம் எடுத்துப்போன யாரோ ஒருவரின் முகநிறம் அதில் ஏறிக்கொண்டிருக்கிறது. பழுப்பு, அதில் துளி சிவப்பு. தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். போதவில்லை. ஊசிமுனையளவு நீலம். "நீலம் இல்லாத மூஞ்சியே கிடையாது தம்பி. யாரும் பார்க்கிறதில்ல, அவ்வளவுதான்."

கலர் அக்கா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படம் எடுக்கும் அந்தச் சின்ன ஸ்டூடியோவில் பதினேழு வருடமாகக் கேமராவும் கணினியும் அவர் கையில்தான். மாடி அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன் நான். படங்களை ஸ்கேன் செய்ய இறங்கி வந்தால் ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிடுவார். நான் பேசியே ஆகவேண்டும் என்று எதிர்பார்க்க மாட்டார். அதனாலேயே அடிக்கடி இறங்கினேன்.

எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான், மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருக்கும். படத்துக்கு உட்காருகிறவரிடம் "சிரிங்க" என்று சொல்லவே மாட்டார். "மூச்சை விட்டுட்டு என்னைப் பாருங்க" என்பார். காலர் மடிந்திருந்தால் கேட்காமலே நிமிர்த்திவிடுவார். யார் பெயரும் நினைவில் நிற்காது, காது நிற்கும். "அந்த ஒட்டின காதுக்காரர் படம் வாங்கிட்டாராண்ணே?" என்று முதலாளியைக் கேட்பார். "நீ ஆளைப் பார்க்கிறியா, காதைப் பார்க்கிறியா?" என்பார் முதலாளி. "காதுக்கு யாரும் பவுடர் போடறதில்லண்ணே. அது உள்ளபடி இருக்கும்."

நோட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே இரண்டு வரி உண்டு. முதல் வரி 'பார்த்ததும்'. இரண்டாவது 'அப்புறம்'. ஒருவரைப் பார்த்ததும் மனதில் என்ன வந்ததோ அதை வந்தபடி எழுதவேண்டும், பூசி மெழுகக் கூடாது என்பது அவர் தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். ஒருநாள் நோட்டை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஸ்கேனரைத் துடைக்கப் போனார். படிக்கலாம் என்று அர்த்தம்.

'பார்த்ததும்: கழுத்தெல்லாம் பச்சை குத்தியிருக்கான். என் கைப்பையை உள்ளே தள்ளி வச்சேன். அப்புறம்: கைக்குழந்தைக்குப் படம் எடுக்க வந்திருக்கான். குழந்தை அழுதது, அவனும் அழுதான். நான் பையைத் தள்ளினதை அவன் பார்த்துட்டான்.'

'பார்த்ததும்: வேற பாஷைக்காரங்க, கட்டட வேலை. நாலு பேரும் ஒரே அச்சு. கவரை மாத்திக் கொடுத்துட்டேன். அப்புறம்:' அதற்குப் பிறகு எழுத்தே இல்லை. நாலு கட்டம், நாலு நிறம். தேன், செம்பு, ஈரமண், காப்பிக்கொட்டை. அந்த நாலையும் பிரித்துக் கொண்டுவர ஒரு வாரம் ஆனதாம்.

இன்னொரு பக்கத்தில்: 'பார்த்ததும்: சிவப்பா ஒரு பொண்ணு, உடனே நாற்காலி கொடுத்தேன். அவளுக்கு முன்னாடியே வந்த கறுத்த பெரியவர் நின்னுட்டே இருந்தார். அப்புறம்: அவர் கல்லூரி வாத்தியாராம்.' அதன் கீழே வேறு மையில், தாள் கிழிகிற மாதிரி அழுத்தி: 'வாத்தியாரா இல்லன்னா நிக்கலாமா?'

நோட்டை மூடிவிட்டேன். என் காது சுட்டது.

முதல் பக்கத்தில் மட்டும் கட்டம் இல்லை. ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம் ஒட்டியிருக்கிறது, அதன் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு இண்டர்வியூ போன பெண்ணின் படம். கணினியில் முகத்தை வெளுக்க ஒரு பொத்தான் உண்டு. அதைத் தட்டாமல் அந்த ஸ்டூடியோவிலிருந்து ஒரு படமும் வெளியே போனதில்லை. உலையில் உப்புப் போடுகிற மாதிரி, யோசிக்காமலே அக்காவின் விரல் அதற்குப் போய்விடும். அந்தப் பெண்ணுக்கு மூன்று தட்டு கூடுதலாகத் தட்டினார், நல்லது செய்கிற நினைப்பில். ஆஸ்பத்திரி வாசலில் இருந்தவர்கள் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்து, இது நீ இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் நேராக ஸ்டூடியோவுக்கு வந்து படத்தை மேசையில் வைத்தாள். "அக்கா, இது யாரு?" திட்டவில்லை. பதிலுக்குக்கூட நிற்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போனவர், மகள் தூக்கிப்போட வைத்திருந்த பெயிண்ட் பெட்டியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். மகள் பத்தாவது படிக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம். சாப்பிட உட்கார்ந்ததும் தினமும் விசாரணை நடக்குமாம். "மேடம் இன்னிக்கு யாரைத் தப்பா நினைச்சீங்க?" ஒருநாள், "ஒருத்தரையும் இல்லடி" என்று சொல்லிப் பார்த்தாராம். "ஏன், கடைக்கு ஆளே வரலையா?" என்றாளாம்.

பள்ளிக்கூட ஆர்டர் வந்தது அதன் பிறகுதான். அறுநூற்று நாற்பது பிள்ளைகளுக்கு அடையாள அட்டைப் படம். ஸ்டூடியோவின் வரலாற்றில் அத்தனை பெரிய வேலை வந்ததில்லை.

"எல்லாம் பளிச்சுன்னு வேணும்னு சொல்லியிருக்காங்க" என்றார் முதலாளி. "பொத்தானைத் தட்டு, அனுப்பு."

"தட்ட மாட்டேண்ணே."

"ஏன், விரல் வலிக்குதா?"

"வெளுக்காமலே பளிச்சுன்னு வரும். எனக்கு வழி தெரியும்."

அது நோட்டு காட்டிய வழி. போன மாதம் ஒருநாள் நோட்டை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்து, படச் சட்டத்துக்குப் பின்னால் வைக்கிற சாம்பல் அட்டையை எடுத்துக் கட்டம் போட்டிருக்கிறார். வெள்ளைத் தாளில் கரிக்கட்டையாகக் கிடந்த அதே நிறம், சாம்பலில் கண்விழித்துப் பார்த்தது. எழுந்துபோய் ஸ்டூடியோவின் பின்திரை எதிரில் நின்றாராம். பால் வெள்ளை. அந்த வெள்ளையின் கூச்சத்துக்குக் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்னால் இருக்கிற கறுத்த முகம் இருட்டில் முங்கிவிடும். "பதினேழு வருஷம் தம்பி! தப்பு திரையோடது. நாம வெளுத்தது மூஞ்சிய."

முதலாளிக்கு இது மண்டையில் ஏறவில்லை. "ஒரே ஒரு புள்ள நல்லா இல்லன்னு படத்தைத் திருப்பி அனுப்பினாலும் பள்ளிக்கூடம் போச்சு. நீயும் வேற கடை பார்த்துக்க."

"நீங்க சொல்லவே வேணாம். ஒண்ணு வந்தா நானே கிளம்பிடறேன்" என்றார் அக்கா. சொல்லும்போது மணிக்கட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.

இரண்டு நாள் பள்ளிக்கூடத்து இசை அறையில் வேலை. பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்க என்னையும் இழுத்துப் போனார். சாம்பல் திரை. விளக்கு நேரே இல்லை, பக்கவாட்டில். எதிர்ப்பக்கம், வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் பலகை. பையன்கள் முடியைச் சீவிக்கொண்டு, "பவுடர் இருக்கா அக்கா?" என்று கேட்டார்கள். "தீர்ந்துபோச்சு" என்றார். முழு டப்பா அவர் பையில் இருந்தது எனக்குத் தெரியும்.

ஒரு பெண் வரிசையில் பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருந்தாள். கடைசியில் அவள் மட்டும் மிச்சம். "நான் படத்துல பல்லு மட்டும்தான்க்கா தெரிவேன். எல்லாரும் சொல்வாங்க."

"பல்லு எடுக்கிறது டாக்டர் வேலை. நீ உட்காரு. மூச்சை விடு."

எடுத்ததும் கேமராவின் திரையை அவள் பக்கம் திருப்பினார். அந்தப் பெண் வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வகுப்புக்கு ஓடிவிட்டாள். அக்கா என்னிடம், "பிடிச்சிருக்கா பிடிக்கலையான்னு சொல்லாமப் போகுது பாரு கழுதை" என்றார்.

அட்டைகள் போய்ச் சேர்ந்தன. போன் அடித்தாலே முதலாளி அக்காவைப் பார்ப்பார். அக்கா போனைப் பார்ப்பார். நாலு நாளாக நோட்டில் கட்டம் ஏறவில்லை. பெயிண்ட் காய்ந்து வெடித்துக் கிடந்தது.

அந்தப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்குப் போகும் வழியில், கழுத்தில் தொங்கும் அட்டையைப் படம் சட்டைப் பக்கம் போகும்படி திருப்பிவிட்டுக்கொள்வார்கள். யாருடைய முகமும் வெளியே தெரியாது. வருடக்கணக்காக அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை நாலரைக்குப் பள்ளி மணி அடித்தது. வாசலில் நின்றிருந்த முதலாளி, "ஏம்மா, இங்க வா! சீக்கிரம் வா!" என்று கத்தினார். அக்கா கையிலிருந்த கவரைப் போட்டுவிட்டு ஓடினார். பின்னாலேயே நானும்.

தெரு நிறையப் பிள்ளைகள். ஓர் அட்டைகூடத் திரும்பியிருக்கவில்லை. நீலச் சட்டைகளின் மேல் அத்தனை முகங்களும் வெளியே பார்த்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிப் போயின. தேன், செம்பு, ஈரமண், காப்பிக்கொட்டை, இன்னும் அக்காவின் நோட்டில் ஏறாத என்னென்னவோ. பல் மட்டும் தெரிவேன் என்ற பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, தன் அட்டையால் கடைக் கண்ணாடியில் டக் டக்கென்று தட்டிக் காட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே ஓடினாள்.

"ஒரு படம்கூடத் திரும்பி வரலம்மா" என்றார் முதலாளி. "ஒண்ணுகூட!" உள்ளே போய்ப் பால் வெள்ளைத் திரையைக் கழற்றி, நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இப்போ இதை என்ன பண்றது?"

"மேசை துடைக்கலாம்ணே."

அவர் சிரித்தார். முதல் தடவையாக அந்த நோட்டைக் கையில் எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். "இது என் மூஞ்சிதானே? 'பார்த்ததும்: கஞ்சன்.' சரி, இருக்கட்டும். 'அப்புறம்' காலியா இருக்கே?"

"பதினேழு வருஷமா யோசிச்சேன். இப்பத்தான் எழுத ஒண்ணு கிடைச்சிருக்கு."

முதலாளி மறுபடி முன்னும் பின்னும் புரட்டினார். "ஊரையே பூசி வச்சிருக்க. உன்னைக் காணோமே?"

அக்கா ஒரு சாம்பல் அட்டையை எடுத்து அளவாகக் கட்டம் போட்டார். காய்ந்த பெயிண்ட்டில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். பிறகு மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றி, சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டி, தன் கையைக் கட்டத்துக்குப் பக்கத்தில், சன்னல் வெளிச்சத்தில் நீட்டி வைத்துக்கொண்டு, தூரிகையை உதட்டில் கூராக்கினார்.