பப்லுவுக்குக் கோபம் என்று நினைத்தேன்

அயனம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நானும் என் நாய் பப்லுவும் மட்டும் இருக்கிறோம். வீட்டிலிருந்தே வேலை பார்த்த என்னை அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நாளில், மாலை கதவைத் திறந்தால் பப்லு ஓடி வருவது நின்றுபோனது. படி இறங்க மாட்டேன் என்றும் அடம்பிடித்தான். தனியாக விட்டுப் போகிற கோபம் என்று நினைத்து, கொஞ்சித் தூக்கிக்கொண்டே இறங்கினேன்.

ஒரு ஞாயிறன்று அவனைக் கீழே விட்டதும் பக்கத்து வீட்டு அக்கா, “இன்னாமா, பின்னங்கால இழுத்துகினு நடக்குது?” என்றார். அப்படியே அவனைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன்.

எக்ஸ்ரே எடுத்த மருத்துவர், “எலும்பு நல்லாத்தான் இருக்கு. தண்டுவடம் இதுல தெரியாதும்மா, எம்.ஆர்.ஐ. எடுக்கணும்” என்றார். அசையாமல் இருக்க மயக்க மருந்து கொடுத்தார்கள்.

“இவனைத் தூக்கிப் பிடிக்க உங்ககூட யாரும் வரலையா?” என்று மருத்துவர் கேட்டார்.

“நாங்க ரெண்டு பேர்தான்” என்றேன்.

டிஸ்க் விலகித் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது ஸ்கேனில் தெரிந்தது. தள்ளிப்போட்டிருந்தால் நடையே போயிருக்குமாம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மெல்ல நடக்கிறான்.

அவன் தாவக்கூடாது என்பதால் கட்டிலைக் கழற்றி வைத்துவிட்டேன். இருவருக்கும் தரையில்தான் படுக்கை. மாலையில் கதவைத் திறந்ததும், வருவானா என்று இப்போது காத்து நிற்பதில்லை. நான்தான் அவனிடம் ஓடுகிறேன்.