இரண்டு பெட்டி, ஒரு பந்தி

எங்கள் கிணற்றின் குறுக்கே ஒரு சுவர் போகிறது. பாகம் பிரித்தபோது கட்டியது. வலியசாலையில் ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளில் இது அதிசயம் இல்லை. அந்தப் பக்கம் அண்ணாவின் ராட்டினம், இந்தப் பக்கம் என்னுடையது, அடியில் தண்ணீர் ஒன்றுதான். இண்டர்நெட்டும் அப்படியே. லைன் அண்ணா வீட்டுக்கு வருகிறது. கிணற்றைப் பார்த்த அவர் சமையலறை வாசலில் வைஃபை பெட்டி. அங்கிருந்து சுவர் தாண்டி எங்கள் வீட்டுக்கு வருவது, மழை விட்ட பிறகு கூரை சொட்டுவது போலத்தான். வரும், நிற்கும், மறுபடி வரும். மிக்ஸி போட மன்னி பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கினால் அதுவும் வராது.

என் போனுக்கு அந்தச் சொட்டு போதும். மனைவிக்குப் போதவில்லை. வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். வீட்டில் இருந்தபடியே தமிழிலும் மலையாளத்திலும் வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலை ஒன்றுக்கு எழுதிப் போட்டிருந்தாள். கிணற்றடி ஜன்னலோரம் மேஜை போட்டு உட்கார்ந்தாள். முதல் இண்டர்வியூ பாதியில் அறுந்தது. அடுத்ததும் அறுந்தது.

"திங்கக்கிழமை பத்து மணிக்குக் கடைசி சான்ஸ். அதுவும் கட் ஆனா வேற ஆளைப் பாத்துக்கறாளாம்" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைத்த இடத்தையே.

சனிக்கிழமை சாலைக் கடைத்தெருவுக்குப் போய் இன்னொரு பெட்டி வாங்கி வந்தேன். "அங்கேருந்து கேபிளை இழுத்து இதுல குத்தினா மதி, வேற ஒண்ணும் வேண்டாம், சாரே. பாக்கியெல்லாம் ஆட்டோமேட்டிக்" என்றார் கடைக்காரர். கேபிளைச் சுவருக்கு மேலே எறிந்தேன், மன்னி பிடித்து அவர்கள் பெட்டியில் செருகினார். நான் என் பெட்டியில் கைக்கு வந்த ஓட்டையில் செருகினேன். விளக்குகள் எரிந்தன. மனைவியின் லேப்டாப்பில் கோடுகள் முழுசாக நின்றன. ஆனால் எதுவும் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் திறந்தது. அப்புறம் இல்லை.

சுவருக்கு மேலே மன்னியின் தலை தெரிந்தது.

"ஏண்டாப்பா, உங்காத்துல நெட் இருக்கோ? எங்காத்துல சீரியல் பாதியில நின்னுடுத்து கேட்டோ. உங்கண்ணா கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுக் கத்திண்டிருக்கார்."

சாயங்காலம் உட்கார்ந்து பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தைப் படித்தேன். போனோ லேப்டாப்போ, வலைக்குள் நுழைந்ததும் முதலில் கேட்பது, எனக்கு இடம் எது என்பதைத்தான். பெட்டி ஓர் எண்ணைக் கொடுக்கிறது. அதுதான் முகவரி. வெளியே போக வாசல் எது, ஒரு பெயரைச் சொன்னால் அதற்குரிய எண்ணைத் தேடித் தருவது யார் என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறது. நாம் தட்டுவது பெயர்கள், உள்ளே ஓடுவது வெறும் எண்கள். என் பெட்டியும் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது, அண்ணாவின் பெட்டியும் கொடுத்துக்கொண்டிருந்தது. யார் முந்தினார்களோ அவர்கள் சொன்னதுதான் எடுபட்டது. என் பெட்டியிடம் கேட்டவர்களுக்கு அது தன்னையே வாசல் என்று காட்டியது. அந்த வாசலுக்குப் பின்னால் தெருவே கிடையாது. போதாததற்கு இரண்டு பெட்டிகளும் தங்களுக்கென்று ஒரே எண்ணைப் போட்டுக்கொண்டு வந்திருந்தன.

கிணறு மாதிரி என்று நினைத்துவிட்டேன், இரண்டு ராட்டினம் இருந்தால் என்ன என்று. இது கிணறு இல்லை, பந்தி. எங்கள் வீட்டு விசேஷங்களில் யார் வேண்டுமானாலும் பரிமாறலாம், ஆனால் உட்கார வைப்பது ஒருத்தர்தான். இரண்டு பேர் கிளம்பினால் ஒரே இலைக்கு முன்னால் இரண்டு சம்பந்திகள் நிற்பார்கள். பாகம் பிரித்த பிறகும் உட்கார வைப்பது அண்ணாதான். நான் சாம்பார் வாளி.

ஞாயிறு காலையில் போய் அண்ணாவிடம் இதைச் சொன்னேன். அவர் பேப்பரைக் கீழே வைக்கவில்லை.

"அப்போ எங்காத்து நெட்டைக் கெடுத்தது நீ."

"ஆமாண்ணா."

"நான் அந்தக் கம்பெனிக்காரனை அந்த வை வைஞ்சுட்டேனேடா."

"என் பெட்டி இனிமே இடம் குடுக்காது. உன்னோடது குடுக்கட்டும். என்னோடது பரிமாறினாப் போறும்."

பேப்பர் குலுங்கியது. "உக்கார வெக்கறது நான்தான்னு நீ சொல்றதுக்கு ஒரு பெட்டி வர வேண்டியிருக்கு."

"பரிமாறறதும் லட்சணம்தான்," என்றார் மன்னி உள்ளேயிருந்து. "சம்பந்தி வேஷ்டியில சாம்பாரைக் கொட்டினவன்தானே!"

மனைவியின் லேப்டாப்புக்கு மட்டும் மாறாத எண் ஒன்றை அண்ணாவின் பெட்டியில் ஒதுக்கி வைக்க வேண்டும் என்றேன். பாஸ்வேர்டை அவரே அடித்தார், திரையை என் பக்கமிருந்து திருப்பிக்கொண்டு. எண் போட்டாயிற்று. பெயர் கேட்டது. நான் யோசிப்பதற்குள் ஒற்றை விரலால் இங்கிலீஷ் எழுத்தில் 'கிணத்தடி' என்று தட்டிவிட்டார்.

"அங்கதானே அவ உக்காந்துக்கறா, பாவம்."

தண்ணீர் இறைக்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறார். என்னிடம் கேட்டதில்லை.

"உன் வைஃபைக்கு என்ன பேர் வெச்சிருக்கே?"

"பெட்டியில வந்த பேர்தான்."

"எங்களோடதையே வெய். பாஸ்வேர்டும் அதையே போடு. சுவரைத் தாண்டினா போன் வழி தெரியாம நிக்க வேண்டாம்."

வீட்டுக்கு வந்து முதலில் கேபிளை உருவினேன். என் பெட்டியின் சொந்த எண்ணை மாற்றினேன், அண்ணாவின் பெட்டி யாருக்கும் கொடுக்காத எண்ணாகப் பார்த்து. முகவரி கொடுக்கும் இடத்தில் இருந்த டிக்கை எடுத்தேன். பெயரை மாற்றினேன். மறுபடி செருகினேன். கிணற்றடியில் எல்லாம் திறந்தது, திறந்தபடியே இருந்தது.

திங்கள் காலை பத்து மணி. மனைவி ஜன்னலோரம் தமிழில் பேசினாள், பிறகு மலையாளத்தில். நான் கிணற்றுப் பக்கம் நின்றேன். சுவருக்கு அப்பால் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. அது நின்றபோது எனக்கு ப்ளக் ஞாபகம் வந்தது. அதைப் பற்றி நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

எட்டிப் பார்த்தேன். சமையலறை வாசலில், ப்ளக் பாயிண்ட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு அண்ணா உட்கார்ந்திருந்தார், பேப்பரை விரித்துக்கொண்டு. மிக்ஸி ஜாரோடு மன்னி அவரை முறைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் அண்ணா கையை மட்டும் காட்டினார், பந்தியில் அடுத்த வரிசையை நிறுத்தி வைக்கிற அதே கை.

மனைவி வெளியே வந்தபோது முகம் வேர்த்திருந்தது. "அறுபடவே இல்லை. அடுத்த வாரம் சேரச் சொல்லிட்டா."

சுவருக்கு மேலே அதைச் சொன்னேன். நாற்காலி நகர்ந்தது. மிக்ஸி ஓடியது. எங்கள் பக்கத்து நெட் போயிற்று, சட்னி அரைத்து முடிகிற வரைக்கும்.