சிக்னலின் பேரில் ஓடிய கவுண்டர்கள்

அலுவலகத்தில் அவளுக்குச் சிக்னல் என்று பேர். வாகன உதிரிபாகம் விற்கும் அந்தக் கம்பெனியில் பில் போடும் எந்தக் கவுண்டரில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததுமே பாதி நேரம் அது சரியாகிவிடும். அதே கம்பெனியின் குடோனில் வேலை பார்த்த அவள் கணவன்கூட வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டான்.

கம்ப்யூட்டர் பிரிவின் தலைவி எல்லோருக்கும் மேடம், அவளுக்கு மட்டும் அக்கா. சிக்னலின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தவள். கூடப் பிறந்திருந்தால்கூட அவ்வளவு செய்திருக்க மாட்டாள் என்று சிக்னல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பாவம்.

சரக்கு, வாடிக்கையாளர் விவரமெல்லாம் அடங்கிய, அதுவரை மாடி அறையில் இருந்த டேட்டாபேஸை ஒருநாள் தலைமை அலுவலகம் தன் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனது. கவுண்டரில் ஓடிய பழைய மென்பொருளோ மாடிப்படியைத் தாண்டி எதையும் அறியாதது. வெளியே போகும் வழியில் ப்ராக்ஸி என்று ஒன்று வாசல் காவலாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. பேரும் பாஸ்வேர்டும் சொன்னால்தான் விடும். யார் போனார்கள் என்று குறித்தும் வைத்துக்கொள்ளும். மென்பொருளுக்கு அது கேட்பதே புரியவில்லை. முட்டி மோதிவிட்டு, இணைப்பு கிடைக்கவில்லை என்று திரும்பி வந்தது. நெட்வொர்க் ஆட்கள் கையை விரித்துவிட்டார்கள். சிக்னல் மண்டையை உடைத்துக்கொண்டு, ப்ராக்ஸிக்குப் பதில் சொல்ல ஒரு சின்ன புரோகிராம் எழுதி நடுவில் வைத்தாள். அதில் யார் பேரையாவது போட்டாக வேண்டும். கவுண்டர்களுக்கென்று தனிப் பேர் வேண்டுமென்றால் அக்காதான் மேலே கேட்டு வாங்க வேண்டும்.

"இப்போதைக்கு உன் பேரைப் போடுடி. திங்கட்கிழமைக்குள்ள தனியா வாங்கிடலாம்."

"அப்போ எல்லாரும் என் பேர்லதானேக்கா போவாங்க? ஏதாவது ஆச்சுன்னா?"

"நான் இருக்கேன்ல."

போட்டாள். எல்லாக் கவுண்டரும் ஓடின. திங்கட்கிழமைகள் வந்தன, போயின. நினைவுபடுத்தினால், "அதான் ஓடுதுல்ல, விடேன்" என்பாள் அக்கா. பாஸ்வேர்டு மாற்றும்போதெல்லாம் சிக்னலே அந்தப் புரோகிராமிலும் மாற்றி வைத்தாள்.

பிறகு வாடிக்கையாளர் பட்டியல் மொத்தமும் போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஏதோ ஒரு கவுண்டரிலிருந்து யாரோ உருவியிருக்கிறார்கள். ப்ராக்ஸியிடம் கேட்டால் அது ஒரே பேரைத்தான் சொன்னது.

விசாரணையில் சிக்னல் பயப்படவில்லை. அக்கா பக்கத்து நாற்காலியில்தானே இருக்கிறாள்!

"அவங்க பேரைப் போடச் சொன்னது நீங்களா மேடம்?"

அக்கா மேசையைப் பார்த்தபடியே சொன்னாள். "இல்ல சார். மேல கேட்டு இவளே தனிப் பேர் வாங்கிட்டாள்னுதான் நான் நினைச்சிட்டு இருந்தேன்."

பட்டியலைச் சிக்னல் எடுக்கவில்லை என்பது விசாரித்தவர்களுக்கே புரிந்தது. ஆனால் பாஸ்வேர்டை எல்லோருக்கும் திறந்துவிட்டது குற்றம்தானே? அன்றைக்கே ப்ராக்ஸியில் அவள் பேரில் இருந்த கணக்கை மூடி, வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

வேலை போனது வலித்தது. ஆனால் வயிறெரிந்தது அந்த ஒரு பொய்யை நினைத்துத்தான். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாளே! இருந்தும் கைப்பேசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு படுத்தாள். அக்கா எப்படியும் கூப்பிடுவாள், அழுவாள், ஏதாவது காரணம் சொல்வாள். கேட்டால் மனசு ஆறிவிடும் என்று அவளுக்கே தெரிந்தது. அதுதான் வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் காலை அக்கா கூப்பிட்டாள். கணவன் குடோனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"உன் கணக்கை மூடினதுல இங்க எல்லாக் கவுண்டரும் படுத்துடுச்சுடி. வாசல் வரைக்கும் ஆளுங்க நிக்கிறாங்க."

சிக்னல் காத்திருந்தாள். அடுத்தது மன்னிப்பாகத்தான் இருக்கும்.

"ப்ராக்ஸில உன் வீட்டுக்காரர் பேருல ஒரு கணக்கு இருக்குல்ல? திங்கட்கிழமை வரைக்கும்தான். நான் இருக்கேன்ல."

அவள் போனைக் கீழே வைத்தாள். கணவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான்.

"உங்க அக்காவா? மன்னிப்புக் கேட்டாங்களா?"

"இல்லைங்க" என்றாள். "உங்க பாஸ்வேர்டைக் கேக்கறாங்க."