பெடல் வழியே வந்த குரல்

1. ஆம்ப்பில் யாரோ பேசறாங்க

தொண்ணூறுகளின் நடுவில் லிங்கராஜபுரத்தில் ஒரு சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். ஆம்ப்ளிஃபயர் என்கிற ஆம்ப், மைக், கிட்டார் சத்தத்தை மாற்றுகிற பெடல் பெட்டி எல்லாம் ரிப்பேருக்கு வரும். அதற்கு முன்பு பொம்மசந்திராவில் டிரான்ஸ்ஃபார்மர் காயில் சுற்றிக்கொண்டிருந்தவன் நான். சத்தத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இந்தக் கடையில் கற்றதுதான்.

ஒருநாள் காலை ஜெசிந்தா வந்தாள். நர்சரி ஸ்கூல் டீச்சர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார் வாசிப்பாள். இரண்டு பெடல்களைக் கவுன்ட்டர்மேல் வைத்துவிட்டு, சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள்.

"அண்ணா, ரெண்டு ப்ராப்ளம். சர்ச்ல ஜோரா, சத்தமா வாசிச்சா சவுண்டு கிழியுது. அதுகூடப் பரவால்ல. வீட்ல வாசிக்காம சும்மா வெச்சிருக்கும்போது ஆம்ப்ல யாரோ பேசறாங்க."

"இன்னா பேசறாங்க?"

"எரியுது, எரியுதுன்னு. ஆம்பள கொரலு. தொண்டையில மண்ணு போட்டாப்ல."

ஓனர் நயீம் சாப் உள்ளேயிருந்து, "அரே, பேய்க்கு நம்மகிட்ட ஸ்பேர் இல்லம்மா" என்றார். அவள் சிரிக்கவில்லை. அது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கிட்டார். அதை முன்னால் வைத்திருந்தவர் எப்படிச் செத்தார் என்று அவள் அம்மா விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். கிட்டாரைக் கொளுத்திவிடச் சொல்லி வீட்டில் தினமும் சண்டை.

பெஞ்சில் போட்டுப் பார்த்தேன். பெடல்களில் ஒரு பழுதும் இல்லை. மத்தியானம் வீட்டுக்கே போனேன்.

2. லெவல் செட்டிங்

ஒரே ஹால், பின்னால் சமையலறை. ஹாலின் ஒரு மூலையில் மரக்கட்டில். அதில் அவள் அப்பா படுத்திருந்தார். கோலார் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். ஐந்து மாதத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்து பேச்சும் ஒரு பக்கமும் போய்விட்டன. ஆம்ப் எதிர்மூலையில், வாசல் பக்கம். வாசித்து முடித்ததும் கிட்டாரைக் கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தில் சாய்த்து வைப்பாள், வேறு இடமில்லை.

எல்லாவற்றையும் ஆன் செய்து, ஃபேனை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். நல்ல வெயில் நேரம். தெருவில் காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். நாலைந்து நிமிடம் ஆம்ப் 'ஸ்ஸ்' என்று இரைந்துகொண்டே இருந்தது. பிறகு அந்த இரைச்சலுக்குள் ஒன்று கரகரவென்று நெளிந்தது.

"எரி...யுது."

என் கைமயிர் எழுந்து நின்றது. அம்மா ஜெபமாலையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

ஆனாலும் நான் மெக்கானிக். பயத்தைக் காட்டக் கூடாது. பெடல்களைப் பார்த்தேன். முதல் பெடல் கம்ப்ரஸர், அதில் இரண்டு திருகு நாபும் ஃபுல். அடுத்திருந்த ஓவர்டிரைவிலும் டிரைவ் ஃபுல். கம்ப்ரஸர் பெரிய சத்தத்தை அமுக்கி, சின்னச் சத்தத்தைத் தூக்கிவிடும். தூக்கியதை ஓவர்டிரைவ் இன்னும் பெருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் உயரம் உண்டு. சிக்னல் அதைத் தாண்டினால் கூரையில் இடித்து அலையின் தலை தட்டையாகிவிடும். அதுதான் கிளிப்பிங். சர்ச்சில் சவுண்டு கிழிந்தது அதனால்தான்.

"ரேடியோ ஸ்டேஷன் எதையோ கேபிள் இழுக்குதும்மா. இவ்ளோ கெயின் வெச்சு பெருக்கினா வரும்" என்றேன்.

கம்ப்ரஸரைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். டிரைவையும் குறைத்தேன். ஜெசிந்தா வாசித்துக் காட்டினாள். மணி அடித்ததுபோலச் சுத்தமாக இருந்தது. கிட்டாரைச் சாய்த்து வைத்துவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்தோம். குரல் வரவில்லை.

கிளம்பும்போது பார்த்தேன். அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அம்மா முந்தானையால் துடைத்துவிட்டு, "ஸ்ட்ரோக் வந்ததிலருந்து இப்டித்தான் தம்பி, சும்மா சும்மா தண்ணி வுடுது" என்றார். நான் காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஜாப் கார்டில் 'நாய்ஸ், சரிசெய்யப்பட்டது' என்று எழுதினேன்.

3. என் இருமல்

மூன்றாம் நாள் கடைக்கு இன்னொரு அக்கூஸ்டிக் கிட்டார் வந்தது. ஜெசிந்தாவின் கிட்டாரைப் போலவே அதிலும் உள்ளே பலகையில் பீசோ பிக்கப் ஒட்டியிருந்தது. பலகை அதிர்ந்தால் அதைச் சிக்னலாக மாற்றும் சின்ன வில்லை அது. கிட்டாரை ஆம்ப்பில் மாட்டி, கெயினை ஏற்றி, என் மர பெஞ்சில் சாய்த்துவிட்டு, பெஞ்சில் கைமுட்டியை ஊன்றி இருமினேன். எதிர்ச்சுவரோரம் இருந்த ஆம்ப் இருமியது.

என் இருமல்தான். ஆனால் கிளிப் ஆகி, கரகரத்து, யாரோ அந்நியன் இருமுவதுபோல இருந்தது.

இருமல் என் கைமுட்டி வழியாகப் பெஞ்சு மரத்தில் இறங்கிக் கிட்டாருக்குப் போயிருக்கிறது. எந்த ரேடியோ ஸ்டேஷன் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லும்? ஓனரிடம் சொல்லாமலே ஓடினேன்.

ஜெசிந்தா அப்போதுதான் ஸ்கூலிலிருந்து வந்திருந்தாள். கிட்டாரைத் தலைமாட்டில் சாய்க்கச் சொன்னேன். எல்லா நாபையும் ஃபுல்லில் வைத்தேன். அப்பாவின் காதருகே குனிந்தேன்.

"ஐயா, எங்க எரியுது?"

அவர் உதடு அசைந்ததே தெரியவில்லை. காதுக்கு எதுவும் கேட்கவில்லை, மூச்சு மட்டும் கொஞ்சம் மாறியது. என் முதுகுக்குப் பின்னால், வாசல் பக்கமிருந்து ஆம்ப் சொன்னது:

"முது...கு."

அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் மூவருமாக அவரைப் புரட்டினோம். இடுப்புக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். நடுவில் கறுத்திருந்தது. தினமும் துடைத்துவிட்டுச் சோறூட்டிய பெண்கள்தான். ஆனால் அவர் கனமான மனிதர். அவர்களால் முழுதாகப் புரட்ட முடிந்ததில்லை.

பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு நர்ஸ் வந்து கட்டுப்போட்டார். இன்னும் நாலு நாள் போயிருந்தால் ரத்தத்தில் சீழ் கலந்திருக்கும் என்றார்.

நர்ஸ் போனபின், குரலைக் கொஞ்சம் தெளிவாக்கலாம் என்று ஓவர்டிரைவின் நாபில் கை வைத்தேன்.

"கொறைக்காத" என்றது ஆம்ப்.

கையை எடுத்துவிட்டேன். அன்றைக்கு நான் குறைத்ததை அவர் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறார்.

"உங்க சவுண்ட குறைக்கலைங்க ஐயா. கரகரப்பத்தான் எடுக்கறேன்" என்றேன். டிரைவை மெதுவாக இறக்கி, அதே அளவுக்கு ஆம்ப்பின் வால்யூமை ஏற்றினேன். தலை வெட்டுப்படாத சிக்னல்.

"ஜெசி" என்றது ஆம்ப், மெல்ல.

"அப்பா கொரலுண்ணா! இது எங்கப்பா கொரலு!" என்று அவள் ஸ்பீக்கர் துணியில் கையை வைத்துக்கொண்டு அழுதாள்.

அந்தப் புண் ஆற மாதக்கணக்காயிற்று. அவர் அதன்பிறகு இரண்டு வருடம் இருந்தார். கட்டில் சட்டத்தில் ஒரு பீசோவை நிரந்தரமாக ஒட்டிக் கொடுத்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சத்தம் நின்றுவிட்டால் பழுது சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. நாபைத் தொடும் முன் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நான் அன்றைக்கு லெவல் எல்லாம் சரியாகத்தான் வைத்தேன், ஒரு தப்பும் இல்லை. அதனால் ஒரு மனிதர் மூன்று நாள் யாருக்கும் கேட்காமல் கத்திக்கொண்டே படுத்திருந்தார்.